அம்மாவின் கல் தோடு

அம்மா இறந்த மூன்றாம் மாதம், தன் பட்டமளிப்பு விழாவுக்கு அம்மாவின் கல் தோட்டைப் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டாள் தங்கச்சி. தோட்டில் அழுக்கேறியிருந்தது. நான் ஒன்றை மட்டும் பிளீச் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்தேன். கற்கள் மங்கிவிட்டன. பயந்துபோய் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு, ஒரு நகைக்கடைக்கு இரண்டையும் கொண்டுபோனேன்.

"ஐயோ தம்பி, கல் தோட்ட ஊறவைக்கவே கூடாதுலா! ஈரத்துணியால தொடச்சாப் போதும்," என்றார் கடை அக்கா. அடுத்த தோட்டைத் துடைக்கப் போனவர் நிறுத்தினார்.

"திருகாணியில நீட்டு முடி ஒன்னு சுத்தியிருக்கு. யாருதுப்பா?"

"அம்மாவோடதுக்கா. அவங்க இப்ப இல்ல."

அக்கா முடியை மெல்லப் பிரித்து, தாளில் மடித்து என் கையில் வைத்தார்.

முதல் தோட்டிலும் ஒரு முடி இருந்தது. அழுக்கென்று நினைத்து சிங்கில் கழுவி விட்டேன். தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.