பெங்களூரில் கடை திறக்கும் நேரம்

பெங்களூரு மேல் எனக்குப் பல வருடமாக ஒரு கோபம் உண்டு. என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். வடக்கே எந்த லோடு என்றாலும் வழியில் அந்த ஊர்தான்; போன் போட்டால், "பெங்களூர்ல இருக்கறன் அம்மிணி" என்பார். மோகனூரில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்க, அவர் அங்கே கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் உலாத்துவதாக நினைத்துக்கொண்டு பொருமுவேன்.

திரும்பி வரும்போது அவர் வாங்கி வருவதைப் பார்த்தால் எரிச்சல் இன்னும் ஏறும். கிருஷ்ணகிரி மாம்பழம், சோலாப்பூர் போர்வை, நாசிக் பக்கத்து வெங்காயம் ஒரு மூட்டை. "அத்தாம் பெரிய ஊருக்குப் போயி ஒரு சேலை எடுத்துட்டு வரத் தெரியல, வெங்காயம் தூக்கிட்டு வாராரு பாரு" என்று அவர் காதுபட மகளிடம் சொல்வேன். சிரித்துக்கொண்டே குளிக்கப் போய்விடுவார். குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்தால் அடுத்த லோடு.

அதனால் போன மாசியில் நானே பிடிவாதம் பிடித்தேன். சனி, ஞாயிறு இரண்டு நாள் பெங்களூரு. நானும் அவரும் மட்டும். லாரியில் இல்லை, பஸ்ஸில். துணி எடுப்பது, ஒரு ராத்திரி லாட்ஜில் தங்குவது, ஞாயிறு சாயங்காலம் திரும்புவது.

"சேலத்துல இல்லாத துணியா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்கள். சேலத்தில் எல்லாம் இருக்கிறது, நாமக்கல்லிலேயே இருக்கிறது. எனக்கு வேண்டியது துணி இல்லை. கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு கடைத்தெருவில் அவர் பக்கத்தில் தோள் இடிக்க நான் நடந்ததில்லை. சேலையை மேலே போட்டுக் காட்டி, "இது நல்லா இருக்குங்களா?" என்று கேட்க எனக்கு அவர் வேண்டும். ஏங்குகிற வயதா இது என்றால், ஆமாம், இந்த வயதில்தான் எனக்கு ஏக்கம் அதிகமாகிவிட்டது.

காலேஜில் படிக்கும் மகள், "ஹனிமூனாம்மா?" என்று கேலி செய்தாள்.

"மொத ஹனிமூனே இன்னும் போகலயே சாமி" என்றேன்.

அவர் வீட்டில் இருந்த ஒரு பகலில் மூன்று பேரும் உட்கார்ந்து திட்டம் போட்டோம். மகள் செல்போனில் மேப்பைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஏனுங்க, பஸ்ஸ உட்டு எறங்குனா மொதல்ல எந்தக் கடைக்குப் போறதுங்க?" என்று கேட்டேன்.

உற்சாகமாக ஆரம்பித்தார். டோல்கேட் தாண்டி ஒரு பங்க் இருக்கிறது, அங்கே குளிக்கத் தண்ணீர் நன்றாக வரும். எதிரில் தமிழ் பேசும் பஞ்சர்காரர். பாலத்துக்கு அடியில் ஒரு டீக்கடை, பன் ரொம்பப் புதிதாக இருக்கும்.

"நாங் கேட்டது துணிக்கடைங்க."

அவர் மேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் பெரிதாக்கினார், சின்னதாக்கினார். பிறகு சொன்னார்: "பகல்ல லாரிய ஊருக்குள்ள உடமாட்டாங்க அம்மிணி. வெளிய லாரி நிறுத்தற யார்டுல போட்டுட்டுக் கெடப்போம். ராத்திரி உள்ள போறப்ப எல்லாக் கடையும் சாத்தியிருக்கும். நான் ஷட்டரத்தான் பாத்திருக்கறன்."

சிரித்தபடிதான் சொன்னார். நான் இத்தனை வருடம் பொறாமைப்பட்ட ஊரை அவரும் பார்த்ததில்லை. வெங்காயமும் போர்வையும் லாரியை நிறுத்துகிற ரோட்டோரத்தில் கிடைப்பவை. சேலைக்கடை அங்கே இல்லை.

அதற்குப் பிறகு என்னைவிட அவர் பறந்தார். "கடையெல்லாம் எத்தன மணிக்குத் தொறப்பாங்க சாமி?" என்று மகளிடம் கேட்டார். பத்து மணி என்று அவள் பார்த்துச் சொன்னாள். சாப்பிடும்போது மறுபடி கேட்டார். "வேட்டி கட்டிட்டு எஸ்கலேட்டர்ல ஏறலாமா?" என்று கேட்டதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு வெள்ளைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினார். நான் பையைக் கட்டி அதன் கீழே வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி ஓனர் போன் செய்தார். அந்த வாரம் போக வேண்டிய மாற்று டிரைவருக்குக் காய்ச்சலாம். ஜவ்வரிசி லோடு ஏற்றி வண்டி நிற்கிறதாம்.

"எந்த ஊருக்குங்க?" என்று இவர் கேட்டார். பதிலைக் கேட்டதும் என்னைத்தான் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது. பெங்களூருக்கு.

ஓனரை, லாரியை, ஜவ்வரிசியை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "அடுத்த வாரம் போலாம் அம்மிணி, காச்சல்ல கெடக்கறவன் பாவம் என்ன பண்ணுவான்?" என்றார். நான் கட்டிய பையைத் திறந்து தன் லுங்கியையும் துண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டார். சட்டையை எடுக்கவில்லை. "கசங்கிரும், அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சனிக்கிழமை காலையில் அடுப்புப் பற்றவைக்கவே மனசு வரவில்லை. சட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது.

"வந்துட்டன் அம்மிணி. யார்டுல போட்டிருக்கறன். இருட்டுனாத்தான் உள்ள உடுவாங்க."

"சும்மாதான இருக்கறீங்க? ஒரு பஸ் ஏறிப் போயி கடையெல்லாம் பாத்துட்டு வாங்களேன்" என்றேன்.

"கிளீனர் இல்ல. லோட உட்டுட்டு எப்படிப் போறது?"

அந்தப் பக்கம் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்துக்கு நடுவில் அவர் கேட்டார்:

"மணி பத்தாச்சா? இன்னேரம் கடையெல்லாம் தொறந்திருப்பாங்களா?"

பெங்களூரில் இருப்பவர் மோகனூரில் இருக்கும் என்னைக் கேட்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஆச்சுங்க," என்றேன். "தொறந்திருப்பாங்க."