வெறும் சுவரைப் பார்த்துச் சொன்ன பதில்கள்

ஸ்லைடு புரொஜெக்டர் ஓட்டத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டார். தெரியும் என்றேன். எழுபதுகளின் கடைசியில் புதுச்சேரியில் எனக்கு அப்படித்தான் வேலை கிடைத்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்றின் பின்னறையில் நடந்த மூளைப் பயிற்சி வகுப்பு அது. நடத்தியவர் வியட்நாமில், சைகோனில் உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர். அவரை எல்லாரும் பிரெஞ்சு வழக்கப்படி ‘ஐயா’ என்ற பொருளில் முசியே என்றே கூப்பிட்டோம்.

ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. சுவரில் ஒரு படத்தைக் கண்ணிமைக்கும் நேரம் காட்டுவேன். வட்டம், முக்கோணம், நடுவே சில எண்கள். படம் மறைந்ததும் பார்த்ததை எல்லாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “மூளையும் உடம்பு மாதிரிதான், பழக்குனா வளரும்” என்பார் முசியே. அதை அவர் மனசார நம்பினார். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த ஒரே ஒரு செட் ஸ்லைடுதான் இருந்தது. தினமும் அதுவே, அதே வரிசையில் ஓடும்.

வந்தவர்களில் ஒருவர் கலியபெருமாள், சாரம் பகுதிக்காரர். பஞ்சாலைத் தொழிலாளி, மில் பாதி நாள் மூடிக் கிடந்தது. அரசாங்க ஸ்டோரில் குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுத அவருக்கு அந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. முன்பெல்லாம் கணக்குத் தாளில்தான் தவறிப்போனார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ‘மந்தம்’ என்று சொன்னது அவர் மனசில் முள்ளாகத் தைத்திருந்தது. புத்தி கொஞ்சம் கூர்மையானால் போதும், மற்றதைத் தானே பார்த்துக்கொள்வேன் என்று என்னிடம் சொன்னார்.

முதலில் திணறினார். சில மாதங்களில் வகுப்பிலேயே அவர்தான் முதல். வாசலில் முசியே மாட்டியிருந்த சார்ட்டில் அவருடைய கோடு மேலே ஏறிக்கொண்டே போனது. அவர் நடையே மாறிவிட்டது.

பல்ப் போன மத்தியானம்

அன்றைக்கும் வழக்கம்போல் பொத்தானை அழுத்தினேன். டக் என்று ஸ்லைடு விழுந்தது. சுவரில் படம் வரவில்லை. பல்ப் போய்விட்டது. அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், “வட்டம், ஏழு, வட்டம்” என்றது வகுப்பு.

விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். ஆனால் யாரும் சிரிக்கவில்லை, யாரும் என் பக்கம் திரும்பவில்லை. துணியின் கிழிசல் வழியாக வந்த வெளிச்சத்தில் அவர்கள் முகங்கள் தெரிந்தன. எல்லாக் கண்களும் வெறும் சுவரில் இருந்தன. ஒரு படத்தைப் பார்க்கிறவர்களின் கண்கள்.

மறுபடி அழுத்தினேன். டக். “முக்கோணம், மூணு, ஒம்போது.” மறுபடியும். பதில் சரியாக வந்தது. கலியபெருமாள் புருவத்தைச் சுருக்கி, மங்கலான எதையோ உற்றுப் பார்ப்பவரைப் போல முன்னால் சாய்ந்திருந்தார். என் கை பொத்தானிலிருந்து தானாக விலகியது. சத்தம் நின்றதும் அவர்களும் நின்றார்கள். அடுத்த சத்தத்துக்காக, அசையாமல், அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

முசியேயிடம் போய்ச் சொன்னேன். அவர் பயப்படவில்லை. முகம் மலர்ந்து, “பாத்தியா, இனிமே படமே தேவையில்ல அவங்களுக்கு” என்றார். 

வேறு படம்

புது பல்ப் வந்ததும் கண்ணாடித் துண்டு ஒன்றில் கறுப்பு மையால் நானே ஒரு முக்கோணம் வரைந்து, முதல் ஸ்லைடின் இடத்தில் வைத்தேன். வகுப்புக்கு முன்னாலேயே வந்துவிடும் கலியபெருமாளை மட்டும் உட்காரவைத்துக் காட்டினேன்.

“வட்டம், ஏழு, வட்டம்” என்றார்.

திரும்பக் காட்டினேன். அதையேதான் சொன்னார். இந்தத் தடவை படத்தை மறைக்காமல் சுவரிலேயே நிற்கவிட்டேன். பெரிய முக்கோணம், அவர் கண்ணெதிரே.

“நல்லாப் பாருங்க.”

“பாத்துட்டுத்தான சொல்றேன். வட்டம்.”

 பிறகு எழுந்து சுவரருகே போய், கோட்டின் மேல் விரலை வைத்துத் தடவினார். மூலை வந்த இடத்தில் விரல் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தபோது முகம் வெளுத்திருந்தது.

“இது எப்ப சார் மாறுச்சு?”

மாறவில்லை, முதலிலிருந்தே முக்கோணம்தான் என்றேன். நாற்காலிக்கு வந்தார். பழைய பரீட்சைத் தாளிலிருந்து ஒரு வட்டிக் கணக்கைக் கொடுத்தேன். சேர்ந்த புதிதில் என்னிடம் போட்டுக் காட்டியபோது எந்த வரியில் மாட்டிக்கொண்டாரோ, அதே வரியில்தான் மாட்டிக்கொண்டார்.

“அப்ப எம் மூளை வளரவே இல்லியா சார்?”

“அந்தப் பழைய படங்கள்ல வளந்துருக்கு. பரீட்சைல அந்தப் படம் வராதுங்க.”

அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை. உழவர்கரையில் இருந்த மைத்துனரிடம் உட்கார்ந்து பின்னமும் வட்டியும் போட்டுப் பழகினார். தப்பாகப் போட்டு, அழித்து, திரும்பப் போட்டு. மட்டான மார்க்கில் தேறினார், வேலை கிடைத்தது. சொல்லிவிட்டுப் போக வந்தவர் பின்னறைப் பக்கம் மட்டும் வர மறுத்து, வாசலிலேயே நின்று பேசினார். மந்தம் என்று சொன்ன வாத்தியாரைப் பற்றி அன்று அவர் பேச்சே எடுக்கவில்லை. மைத்துனரின் பொறுமையைப் பற்றித்தான் பேசினார்.

முசியே ஸ்லைடுகளை மாற்றச் சம்மதிக்கவில்லை. மாற்றினால் சார்ட்டில் கோடு கீழே இறங்கிவிடும் என்றார். நான் வேலையை விட்டேன்.

எண்பதுகளில் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஒயரிங் சொல்லிக்கொடுக்கப் போனேன். முசியேயின் வகுப்பில் நான் கற்றுக்கொண்டதை இளம் ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்: பழகியதையே கேட்டால் பழக்கம்தான் பதில் சொல்லும், ஆள் சொல்லமாட்டான். அதனால் கேள்வியில் ஏதாவது ஒன்றை மாற்றிக் கேளுங்கள். மாற்றிக் கேட்டதும் பையன்கள் ஒரு கணம் தடுமாறுவார்கள், மௌனமாவார்கள். அவர்கள் யோசிக்கிறார்கள் என்று எனக்கு நிம்மதியாக இருக்கும். யாராவது அந்த மௌனமே இல்லாமல், சட்டென்று, சிரித்த முகத்தோடு பதில் சொன்னால்தான் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறிகிறது.