மாலதி வளர்த்த பாசி

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் செத்ததைத்தான் எண்ணிக்கொண்டிருந்தோம். ஆற்றில் தொங்கவிட்ட கண்ணாடி ஸ்லைடில் படியும் வழவழப்பைச் சுரண்டி, ஃபார்மலினில் போட்டு, சாயம் ஏற்றி, இத்தனை பாசி, இத்தனை பாக்டீரியா என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவோம். மாலதிக்கு அது பிடிக்கவில்லை. "பொணத்த எண்ணி, ஊரு எப்டி வாழ்ந்துச்சின்னு சொல்ல முடியுமாடி?" என்பாள்.

அவள் கடலூர் முதுநகர்க்காரி. தினமும் சிதம்பரத்துக்கு ரயிலில் வருவாள். உப்பனாற்றில் ஒரு சட்டத்தில் ஸ்லைடுகளைத் தொங்கவிட்டு, வாரந்தோறும் எடுத்து, ஆற்றுத் தண்ணீரிலேயே நனைத்து வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பாள். பார்த்ததும் பழைய இடத்திலேயே தொங்கவிடுவாள். முதலில் பாக்டீரியா வந்து ஒட்டிப் பசை போடும். அதன்மேல் பாசி குடியேறும். ஒன்றின் கழிவை ஒன்று தின்று பிழைக்கும். அதே ஸ்லைடைத் தை மாதத்திலிருந்து மழைக்காலம் முடியும்வரை உயிரோடு பார்த்தால்தான் ஆய்வு முழுசாகும். ஒருமுறை காய்ந்தால் எல்லாம் போச்சு. அந்த வருடத்தோடு எங்கள் பேராசிரியர் ஓய்வு பெறுகிறார். அவரை விட்டால் இந்த வேலையை மேற்பார்வையிட ஆளில்லை. அவளுக்கு இருந்தது அந்த ஒரு வருடம்தான்.

அது 2010. புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் சட்டத்தை அடித்துப் போய்விடும் என்று பயந்து, ஸ்லைடுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆற்றுத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தாள். வீட்டில் அவள் எதையும் விளக்கிச் சொன்னதில்லை. கண்ணாடியை வைத்து ஏதோ ஆராய்ச்சி என்பதே அவர்களுக்குப் பெருமை.

சரஸ்வதி பூஜையன்று நான் அங்கே போயிருந்தேன். தொட்டிக்குக் கேனில் புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு இருவரும் ஆற்றிலிருந்து திரும்பினோம். அவள் அப்பா பொன்னுரங்கம் படகு எஞ்சின் பட்டறையில் ஃபிட்டர். ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றையும் விளக்கிச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தார். பக்கத்தில் வாழையிலையில் மாலதியின் ஸ்லைடுகள். ஒவ்வொன்றிலும் சந்தனம், நடுவில் குங்குமம்.

"ஒரே பாசிம்மா. சோப்புக்கு வுடல, புளி போட்டுத் தேய்ச்சேன். என் சாமானவுட உன் சாமானுக்குத்தான் ஜாஸ்தி நேரம் புடிச்சிது" என்றார். முகமெல்லாம் வேர்வையும் சிரிப்பும். "நாளைக்கு வரைக்கும் தொடாத. சாமிகிட்ட இருக்கட்டும்."

நான் வாயைத் திறந்தேன். மாலதி என் கையை அழுத்தினாள்.

"நல்லா பளபளன்னு இருக்குப்பா" என்றாள்.

கேனை இறக்கி வைத்துவிட்டு எனக்குப் பொரிகடலை அள்ளிக் கொடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பாசத்தை எந்தக் கோர்ட்டில் கொண்டுபோய் நிறுத்துவது?

மறுபடி தொங்கவிட்டால் இன்னொரு வருடம் வேண்டும். பேராசிரியர் நல்ல மனிதர்; வருத்தப்பட்டார், ஓய்வும் பெற்றார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. மாலதி மஞ்சக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சரானாள். நான் செத்ததை எண்ணியே பட்டம் வாங்கிவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பொன்னுரங்கம் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"நீ முடிச்சிட்டம்மா. இவளப் பாரு, பாதியில வுட்டுட்டா. நாங்க என்ன கொற வச்சோம்? கண்ணாடியக்கூட நான்தான் ஒக்காந்து தேய்ச்சிக் குடுத்தேன்."

மாலதி அவர் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

"ஆமாம்ப்பா. எனக்குத்தான் சோம்பேறித்தனம்" என்றாள்.