கண்ணகை அக்காவின் வலக்கை

“என்ட கை பட்ட ஒரு கம்பியூட்டரும் இங்கிலீசுப் பேரோட ஒழும்பாது. அப்பிடி நான் ஒண்டுக்கு வெச்சனெண்டா, இந்தா, இந்த வலக்கையால மறுகா மவுஸத் தொடமாட்டன்.”

புளியந்தீவில் நடந்த ஒரு தமிழ் விழாவில், போர்த்திய பொன்னாடை சரியச் சரிய, வலக்கையை உயர்த்திக் கண்ணகை அக்கா மேடையில் சொன்ன வாசகம் இது. மண்டபம் கைதட்டியது. அடுத்துப் பேச இருந்தவர் தன்னுடைய குறிப்பை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நன்றி மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அந்த வீடியோவைப் பார்க்காத வீடு ஏறாவூரிலிருந்து வாழைச்சேனை வரைக்கும் இல்லை என்று கண்ணகை அக்காவே சொல்லியிருக்கிறார்.

அதே வலக்கை இப்போது ஓட்டமாவடியில், நெல் வியாபாரி அசனாரின் வீட்டு முன்னறையில், ஒரு மடிக்கணினியைக் கிழக்கு நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தது. கிழக்குப் பார்க்காத மெசினில் விண்டோஸ் ஏறாது என்பது அக்காவின் கொள்கை. ஏன் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு விண்டோஸ் ஏறவில்லை.

அக்காவுக்கு வயது ஐம்பதை ஒட்டும். செங்கலடியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து வீடு வீடாகக் கணினி ஏற்றிக் கொடுப்பவர். கழுத்தில் தாலிக்கொடிக்குப் பக்கத்தில் ஒரு நாடா, அதில் கொத்தாகப் பென் டிரைவ்கள். “செவப்பு கலியாணக் காட், நீலம் விண்டோஸ், இந்தக் கறுப்பு பேய் பிசாசு” என்று அறிமுகம் செய்து வைப்பார். கறுப்பில் இருப்பது வைரஸைக் கொல்லும் மருந்து. கைப்பையில் இரண்டு கால் பிளக், மூன்று கால் பிளக், ஒரு குறடு, ஒரு பொட்டலம் வறுத்த கச்சான் கடலை. வேலை செய்யும்போது வலக்கை மவுஸுக்கு, இடக்கை கச்சானுக்கு. இந்தக் கைகள் தங்கள் தொழிலை மாற்றிக்கொண்டதை எவரும் கண்டதில்லை.

திரையில் என்ன பெட்டி வந்தாலும் வாசிக்க மாட்டார். “அமத்து, மறுகா பாப்பம்” என்பார். அமத்துவார். மறுகா பார்க்கவும் மாட்டார். சம்மதமா, சம்மதமில்லையா என்று கேட்கும் நீண்ட நீண்ட நிபந்தனைகளுக்கெல்லாம் அவர் சம்மதித்தே வந்திருக்கிறார். ஒரு நாட்டின் வெளிவிவகார அமைச்சுகூட அத்தனை உடன்படிக்கைகளில் கையொப்பமிட்டிருக்காது.

ஒரேயொரு பெட்டியில் மட்டும் நிற்பார். இந்தக் கணினியைப் பாவிக்கப்போகிறவரின் பெயர் என்ன என்று விண்டோஸ் கேட்கும் இடம். அங்கே மவுஸை வைத்துவிட்டு எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வருவார். அன்றும் அப்படியே வந்து, பக்கத்தில் நின்ற அசனாரின் மகளைக் கேட்டார்.

“மகள், உன்ட பேரச் சொல்லு.”

“றுமானா.”

“சின்ன ரவா, பெரிய றவா?”

“பெரிய ற அக்கா. பேத் சேட்டிபிகெட்டிலயும் அப்பிடித்தான்.”

“றவுல தமிழ்ப்பேர் தொடங்காதெண்டு இலக்கணத்துல இரிக்கி. ஆனா பெத்த தகப்பன் வெச்சா அது இலக்கணத்துக்கும் மேல.”

“நான் வெச்சல்ல தங்கச்சி, அவட உம்மா வெச்ச” என்றார் அசனார் வாசலில் நின்று.

“ஆர் வெச்சா என்ன காக்கா. உங்கட முறைக்கு ஒருக்காப் பிஸ்மி சொல்லுங்க.”

அண்ணன் முறையில் ‘காக்கா’வான அசனார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அல்லாவின் பெயரால் என்று பிஸ்மி சொன்னார். கண்ணகை அக்கா ‘றுமானா’ என்று தமிழில் அடித்து, சின்ன விரலால் என்டர் பட்டனை ஒரு தட்டுத் தட்டினார். கணினி அந்தப் பெயரில் ஒரு கோப்புறையை உண்டாக்கிக்கொண்டு, மங்களகரமாக எழும்பியது.

றுமானாவுக்கு அன்றைக்கு மங்களம் முக்கியமில்லை. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் கணிதம் படிக்கிறாள். கடைசி வருட ஆய்வேட்டை அன்று பின்னேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் பட்டம் அடுத்த தொகுதியோடுதான். ஆய்வேடும் சும்மா தட்டச்சில் இருக்கக்கூடாது. வசனத்தையும் சமன்பாட்டையும் கட்டளைகளாக எழுதிக் கொடுத்தால் தானே அச்சுக்கோத்துப் பக்கமாக்கித் தரும் ஒரு மென்பொருள் உண்டு, அதில்தான் இருக்க வேண்டும். எழுதியதெல்லாம் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. அதைப் பக்கமாக்கித் தந்த பழைய கணினிதான் கைதவறிக் கொட்டிய பிளேன்ரீயைக் குடித்து மௌத்தாகிவிட்டது. புதியது முந்தின நாள் இரவுதான் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கியது.

கண்ணகை அக்கா அப்படியொரு மென்பொருளைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை. அது அவருக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. “எல்லாம் ஒரே சாதிதான் புள்ள. அமத்தினா ஏறும்.”

இறக்குவதற்கு இன்டர்நெற் வேண்டும். முன்னறையில் சிக்னல் இல்லை. முற்றத்தில் கதிரை போட்டு அதன்மேல் ஏறி, வாழைச்சேனைப் பக்கமாகக் கையை நீட்டினால்தான் உண்டு. அசனார் ஏறி நின்று கைத்தொலைபேசியை நீட்டினார். வீதியால் போனவர்கள் ஸலாம் சொல்லிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். “நெல்லு மூட தூக்கின தோள் தங்கச்சி, அதுக்கே இந்தச் சின்னச் சாமான் கனக்குது” என்று அவர் முற்றத்திலிருந்து சொன்னார். அக்கா கச்சானை உடைத்தபடி, “ஆட்டாதீங்க காக்கா, அதுல கணக்குப் பாடம் வருது, சிந்திரும்” என்றார்.

ஒருவாறு இறங்கியது. ஏறியும் விட்டது. றுமானா பென் டிரைவைச் செருகி, ஆய்வேட்டைத் திறந்து, பக்கமாக்கும் பட்டனை அழுத்தினாள்.

பக்கம் வரவில்லை. திரையின் அடியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. இன்ன கோப்புறையைக் காணவில்லை என்று இங்கிலீசில் சொன்னது. கோப்புறையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் வரிசையாக ஆறு கேள்விக்குறிகள்.

கண்ணகை அக்காவின் இடக்கையில் இருந்த கச்சான் வாய்வரைக்கும் போய் நின்றது. தன் தொழில் வரலாற்றில் முதன்முறையாக அவர் ஒரு வரியை முழுதாக வாசித்தார்.

“என்னகா இது, நம்மளயே கேள்வி கேக்குது?”

“காக்கா ஆட்டியிரிக்கார்” என்று மறுகணமே தீர்ப்பும் சொன்னார்.

“அல்லாவறிய ஆட்டல்ல. நுளம்பு கடிச்சது, அதக்கூட அடிக்காம நிண்டன்” என்றது முற்றம்.

அக்கா மென்பொருளைக் கழற்றி மறுபடி ஏற்றினார். ஆறு கேள்விக்குறி. கறுப்புப் பென் டிரைவைச் செருகிப் பேய் பிசாசு பார்த்தார். ஒன்றுமில்லை, ஆறு கேள்விக்குறி. பிளக்கை மாற்றினார். கடைசியாக, யாரும் எதிர்பாராத விதமாக, மடிக்கணினியை மேற்கே திருப்பினார். தன் கொள்கையையே கைவிட்டு ஒருவர் இப்படித் திரும்பும்போது ஒரு சாதாரண இயந்திரம் மனமிரங்கியிருக்க வேண்டும். ஆறு கேள்விக்குறி, இம்முறை மேற்கு நோக்கி.

அந்தச் சிவப்பு வரியை றுமானா இரண்டாம் முறையே முழுதாக விளங்கிக்கொண்டாள். கேள்விக்குறிகளுக்கு முன்னால் இருந்ததும் பின்னால் இருந்ததும் அவளுக்குத் தெரிந்த கோப்புறைகள். நடுவில் காணாமல் போயிருந்தது அவள் பெயர். அதைச் சொல்ல வாய் திறந்தாள். மேடையில் உயர்ந்த அந்த வலக்கை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். ஒரு பெரிய மனுசியின் சத்தியமா தன் பட்டமா என்ற இடத்தில் வந்து நிற்பாள் என்று அவள் படித்த எந்தச் சமன்பாட்டிலும் இருக்கவில்லை.

“புள்ள, உன்ட பேர ஒரு துண்டுல எழுது” என்றார் அக்கா, கோப்புறையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தை விரலால் தொட்டபடி.

எழுதிக் கொடுத்தாள். அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு துண்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மூண்டு எழுத்துப் பேருக்கு என்னத்துக்கு ஆறு கேள்வி?”

சின்ன விரல் துண்டின்மேல் ஊர்ந்தது. “றவுக்கு ஒண்டு... கீழ தொங்குற வாலுக்கு ஒண்டு. மவுக்கு ஒண்டு... பக்கத்துல நிக்கிற அரவுக்கு ஒண்டு. னவுக்கு ஒண்டு...” கடைசி அரவில் விரல் நின்றது. நின்ற விரல் எழும்பவில்லை. தான் கை கழுவிவந்து வைத்த பெயரை ஒரு மென்பொருள் வாலும் அரவுமாகப் பிய்த்து, ஒவ்வொன்றையும் இது என்ன, இது என்ன என்று கேட்டிருக்கிறது.

“இதுக்குத் தமிழ் தெரியாதாகா?” என்றார் மெதுவாக. யாரோ தெரிந்தவர் செத்துப்போன செய்தி கேட்டவரைப்போல.

“மத்த எல்லாத்துக்கும் தெரியும் அக்கா. இதுக்கு மட்டும்...” என்றாள் றுமானா.

கண்ணகை அக்கா இலகுவில் தோற்கிறவர் அல்ல. பேரம் பேசிப் பார்த்தார். புதிதாக இன்னொரு பாவனையாளரை உண்டாக்கி, பெயர்ப்பெட்டியில் ‘அ’ என்று ஒற்றை எழுத்தை மட்டும் வைத்தார். “வாலும் இல்ல, அரவும் இல்ல. புள்ளயளுக்கு ஏட்டுல முதல் எழுதுற எழுத்து. இதக்கூட எடாதா?” மென்பொருளை அந்தப் பெயரில் ஏற்றிப் பட்டனை அமத்தினார்.

ஒரு கேள்விக்குறி.

வெகுநேரம் அந்த ஒற்றைக் கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வந்தபோது கோபம் வந்தது. ஒன்று வந்தபோது ஒன்றும் வரவில்லை. வெளியே அசனார் கதிரையிலேயே நின்றார். இறங்கலாம் என்று எவரும் சொல்லியிருக்கவில்லை.

“மகள், உன்ட ஆக்கள் எத்தின மணிக்குப் பூட்டுவாங்க?”

“நாலுக்கு அக்கா. இஞ்சேருந்து போகவும் சொணங்கும்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல், “போய் ஒரு பால்ரீ போட்டுக்கொண்டு வா. இஞ்சி தட்டிப் போடு. நல்லாக் கொதிக்கோணும், கெதியாக் கொண்டு வந்திராத” என்றார்.

இவ்வளவு நாளும் பிளேன்ரீ தவிர வேறொன்றும் குடிக்காத மனுசி அவர். றுமானா எழுந்து குசினிக்குப் போனாள். இஞ்சியைத் தோல் சீவினாள். தட்டினாள். தட்டியதை மறுபடி தட்டினாள். முன்னறையிலிருந்து விசைப்பலகைச் சத்தம் வந்தது. ஒவ்வொரு எழுத்தாக, நின்று நின்று. ஆறு தட்டு. பிறகு ஓர் என்டர். அந்த என்டருக்கு வழக்கமான ஓசை இருக்கவில்லை. பால் இரண்டு முறை பொங்கி வழிந்தது.

கோப்பையோடு திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

திரை நிறைய அவளுடைய ஆய்வேட்டின் முதற்பக்கம். தலைப்பு நடுவில், சமன்பாடுகள் தங்கள் தங்கள் இடத்தில், பக்க எண் அடியில். சிவப்பு வரி இல்லை. கீழ் மூலையில் பாவனையாளரின் பெயர் இங்கிலீசு எழுத்தில், ஆறு எழுத்தாக, சின்னதாக இருந்தது. அந்த மூலையை மறைக்கும்படி ஒரு கச்சான் கோது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

அவளைத் திடுக்கிட வைத்தது அதுவல்ல. மவுஸ் இடப்பக்கத்தில் இருந்தது. கண்ணகை அக்காவின் இடக்கை அதைப் பிடித்திருந்தது. ஆய்வேட்டைப் பென் டிரைவுக்குள் இழுத்துப் போடப் பார்த்தது அந்தக் கை. அம்புக்குறி துடுப்பில்லாத தோணியைப்போல மேலே போனது, கீழே போனது, ஒரு மூலையில் முட்டித் திரும்பியது. வலக்கை மடியில், முந்தானைக்குள் கிடந்தது.

“தங்கச்சி, செரி வந்திட்டா?” என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது.

றுமானாதான் சொன்னாள். “வந்திட்டு வாப்பா. நீங்க இறங்குங்க.”

பிறகு அவள் கோப்பையை மேசையில் வைத்தாள். இடப்பக்கத்தில் கிடந்த கச்சான் பொட்டலத்தை எடுத்து, மடிக்கணினியைச் சுற்றிக் கொண்டுவந்து, வலப்பக்கமாக வைத்தாள்.

முந்தானைக்குள்ளிருந்து வலக்கை மெல்ல வெளியே வந்து, பழக்கமில்லாமல் ஒரு கச்சானை உடைத்தது.