கற்பகத்தின் மூன்று அட்டைகள்

நான்காவது முறையாக அட்டைகளை இடம் மாற்றி வைக்கிறார் கற்பகம். பழைய கல்யாணப் பத்திரிகையை அளவு பார்த்து வெட்டிய மூன்று துண்டுகள். சிறியது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, பெரியது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சிறிது, நடுவில் ஒன்று. கேமராவுக்குள் ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாரின் அளவுகளாம் இவை. பாஸ்போர்ட் படம் எடுக்க அவர் ஸ்டுடியோவுக்கு வந்த நான் அரைமணி நேரமாகக் காலரைச் சரிசெய்துகொண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

கொல்லங்கோட்டில் கல்யாணப் படத்துக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்று இவரே சொல்வார். பாதி உண்மை. வயது நாற்பத்திரண்டு. "கண்ண மூடீராதீங்க" என்று நம்மை மிரட்டிவிட்டு, அமுக்கும் நேரத்தில் தன் கண்களை இறுக மூடிக்கொள்வார். முதலமடை மாம்பழ வியாபாரிகள் பெட்டியில் ஒட்டப் படம் கேட்டால், பழத்தை ஈரத்துணியால் துடைத்து, மணப்பெண்ணிடம் பேசுவதுபோல் "இப்புடித் திரும்பு கண்ணு" என்று அதனிடமும் சொல்வார்.

பன்னிரண்டு வருடமாக இவரிடம் இருந்தது சின்ன சென்சார் கேமரா. ஐப்பசியில் அதன் ஷட்டர் நின்றுவிட்டது. இப்போது மார்கழி; தை முகூர்த்தத்துக்குள் புதிது வாங்கியாக வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

"பெரிய கம்பெனிக்காரனெல்லாம் நடு சைசுல அடிச்சுக்கறானுங்க. அங்க போனா நசுங்கிப்போவோம்னு சின்னக் கம்பெனிக்காரன் ஒருத்தன் 'சின்னதே போதும், கைக்கு லேசு'ங்கறான். இன்னொருத்தன் நடுவுல நிக்காமத் தாண்டிப் போயி, அதவிடப் பெருசாக் கொண்டாரான். ரெண்டு பேர் சொல்றதும் நெசமாத்தான் தெரியுது. ஆகெ மொத்தம் கன்ஃபியூஷனுங்க."

எனக்கும் தலை சுற்றியது. ஒரு கேமராவை வாங்கினால் அதற்கு மட்டுமே பொருந்தும் லென்ஸ்களோடும் குடித்தனம் நடத்த வேண்டும். "நாளைக்கி அந்தச் சின்னக் கம்பெனிக்காரன் கடையச் சாத்தீட்டான்னா, லென்சுக்கு நான் எங்கீங்க போவேன்?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் போய்!

மேசைக் கண்ணாடிக்கு அடியில், உள்ளூர்க்காரர் கருப்புசாமியின் அக்கா மகள் கல்யாணக் குழுப்படம். கார்த்திகையில், இரவல் வாங்கிய நடு சைஸ் கேமராவில் எடுத்தது. கருப்புசாமி வீட்டு வழக்கப்படி தாய்மாமன் மணமக்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில், பலகை மேல் ஏறி நின்றாக வேண்டும். அந்தத் தாய்மாமன் கருப்புசாமியேதான். மண்டபத்தில் வெளிச்சம் குறைவு. பழைய பழக்கத்தில், பழைய கேமராவில் வைக்கும் அதே லென்ஸ் திறப்பை இதிலும் வைத்துவிட்டார் கற்பகம். சின்ன சென்சாரில் அப்படி வைத்தால் மூன்று வரிசையும் தெளிவாக விழும். சென்சார் பெரிதாகப் பெரிதாகப் பின்னால் இருப்பது மங்கும்; இதில் முன்வரிசை மட்டும் பளிச்சென்று நிற்க, மாமன் முகம் கரைந்துபோயிற்று.

"சீரெல்லாம் நாஞ் செஞ்சேன். படத்துல எம் மூஞ்சியக் காணமே, அம்மணி" என்று கருப்புசாமி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். கற்பகம் மூன்று நாள் ஸ்டுடியோவைத் திறக்கவில்லை. கேட்டபோது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

அதே மாமன் தையில் நடக்கும் இன்னொரு அக்கா மகள் கிருத்திகாவின் கல்யாணத்துக்கும் படமெடுக்க இவரையே சொல்லியிருக்கிறார். இந்தத் தடவையும் தவறினால் அந்தச் சொந்தத்தில் ஒரு வீடும் இவரைக் கூப்பிடாது. கிருத்திகாவோ காலையில் வந்து ஏதோ ஒரு படத்தைக் கைப்பேசியில் காட்டிவிட்டுப் போனாளாம்: "அக்கா, எனக்குப் பின்னாடி எல்லாமே இப்புடிக் கரைஞ்சு போயிறோணும்."

"பின்னாடி நிக்கறது அவ மாமனுங்க!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் கற்பகம். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஐந்து மணிக்குக் கோயமுத்தூர்க் கேமராக் கடைக்காரர் போனில் கூப்பிட்டார். எந்தக் கேமராவை அனுப்ப என்று கேட்டார். கற்பகம் சின்ன அட்டையை எடுத்து மேசைக் கண்ணாடி மேல், கருப்புசாமியின் முகத்துக்கு நேரே வைத்தார். முகம் முழுதாக மறைந்தது. எடுத்தார். மறுபடி வைத்தார்.

"சின்னதையே அனுப்பீருங்ணா. மாமன் மூஞ்சி தெரியோணும்."

பேசி முடித்ததும் மூன்று அட்டைகளையும் வாரிக் குப்பைக்கூடையில் போட்டார். என்னை நிமிர்ந்து உட்காரச் சொன்னார். பிறகு குனிந்து, பெரிய அட்டையை மட்டும் பொறுக்கி, துப்பட்டாவில் துடைத்து, கைப்பேசி உறைக்குள் செருகிக்கொண்டார்.