கிராபிக்ஸ் கார்டுக்குச் சந்தனம் வைத்தவன்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். எப்படியும் என் நண்பன் உங்களிடம் சொல்லிவிடுவான். அவன் சொன்னால் கை கால் எல்லாம் சேர்த்துச் சொல்வான். ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றி, உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் காற்றாடிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். நடுக்குமிழில் வைத்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன். அங்கே கம்பெனி முத்திரை பளபளவென்று இருந்தது. அதை மறைப்பானேன் என்ற நாகரிகத்தில் ஓர் இறக்கையின் மேல் வைத்தேன். அதுவும் சின்னப் பொட்டாக இல்லை. வருஷம் முழுக்கச் சோறு போடுகிற சாமானுக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதா என்று சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி வைத்தேன்.

விஜயதசமி காலையில் சுவிட்சைத் தட்டியபோது சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஒரு பக்கம் மட்டும் கனத்த காற்றாடி சாமி வந்தவர் மாதிரி ஆடிக்கொண்டு சுற்றியது. எனக்கு அது தெரியவில்லை. பூஜைப் பொரி மீதமிருந்தது. அதில் பொட்டுக்கடலை தேடிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நான் கவனித்துச் சுரண்டி எடுப்பதற்குள் காற்றாடியின் அச்சு லொடலொடத்துவிட்டது. அடுத்த நாள் அதற்கு வைத்தியமாகத் தேங்காயெண்ணெய் விட்டேன். சத்தம் கொஞ்சம் அடங்கியது. வீட்டில் கொஞ்ச நேரம் முறுக்கு சுடுகிற வாசனை வந்தது. பிறகு எண்ணெயில் தூசி ஒட்டி, முன்னைவிடப் பெரிதாகக் கத்த ஆரம்பித்தது.

என் தொழிலுக்கு அந்தக் கார்டுதான் மூலதனம். இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்தது போலப் படமாக்கிக் காட்டுவது என் பிழைப்பு. தில்லைநகரில் ஒரு பில்டர் எழுப்பப்போகிற அடுக்குமாடிக்கு இன்றைக்கே மாடித் தோட்டம் போட்டு, அதில் காப்பி குடிக்கும் ஆளையும் உட்கார வைத்துவிடுவேன். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க நாள் கணக்கில் ஆகும். அதுவரை கார்டு கொதிக்கும், காற்றாடி கத்தும். நான் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

மனைவிக்கு அந்த வசதி இல்லை. அவளுக்கு மைக் முன்னால் உட்காருகிற வேலை. சென்னையில் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து வெளியிடும் ஒரு நிறுவனத்துக்கு, ஒரு கதையின் முதல் அத்தியாயத்தை வாசித்து அனுப்பியிருந்தாள். படுக்கையறை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் போர்வைகளைத் தொங்கவிட்டு அவளே கட்டிய ஸ்டூடியோ. எங்கள் வீடு உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு மாடிக் குடித்தனம். பஸ், ஆட்டோ, கோயில் ஒலிபெருக்கி எல்லாம் ஓய்ந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கும் பள்ளிக்கூடம் விடுவதற்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான் தெரு வாயை மூடும். அந்த நேரத்தில் வாசித்தது. நிறுவனத்திலிருந்து பதில் வந்தது: குரல் மிகவும் பிடித்திருக்கிறது, ஆனால் பக்கத்தில் மாவு மில் ஓடுகிறதா? சத்தம் இல்லாமல் மறுபடி வாசித்து, வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

அவள் அதை எனக்குப் படித்துக் காட்டினாள். நான் ஜன்னல் வழியாக மாவு மில்லைத் தேடினேன்.

"அங்க எதுக்குப் பாக்கறீங்க? மில்லு இங்கதான் இருக்கு. மேல சந்தனம்கூட ஒட்டிட்டு இருக்கு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் மத்தியானத்துல நிறுத்தி வைக்கிறேன், போதுமா?"

"ஒரு அத்தியாயத்துக்கு நிறுத்துவீங்க. வேலை கெடைச்சா மாசக்கணக்குல தினமும் வாசிக்கணும். ஒவ்வொரு நாளும் உங்க பில்டர்கிட்ட போய் நான் பர்மிஷன் கேக்கறதா?"

அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் உறைத்தது. கல்யாணமான நாளிலிருந்து என் வேலைக்காக வீட்டில் எத்தனையோ நகர்ந்திருக்கிறது. சாப்பாட்டு மேஜையே நகர்ந்து பால்கனிக்குப் போய்விட்டது. அவளுக்கென்று ஒன்று வரும்போது என் மாவு மில் குறுக்கே நிற்கிறது. சரி, கார்டின் சூட்டைத் தணிக்க, சத்தம் போடாத கூலர் ஒன்றை வாங்கிப் பழையதன் இடத்தில் மாட்டிவிடுவது என்று வீரமாக முடிவெடுத்தேன்.

முடிவெடுப்பது சுலபம், தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டம். இணையத்தில் இதற்கென்றே ஒரு ஜனக்கூட்டம் இருக்கிறது. ஒருவர் தன் கூலர் பூனை மூச்சு விடுவது போல இருக்கிறது என்றார். இன்னொருவர் அது எந்த வயதுப் பூனை என்று சண்டைக்குப் போனார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து திங்கட்கிழமையைத் தொலைத்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் மனைவி தோசைத் திருப்பியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் முடிவாகலையா? என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட நீங்க இவ்வளவு விசாரிக்கலையே."

அன்றைக்கே என் நண்பனைக் கூட்டிக்கொண்டு பாலக்கரைக்குப் போனேன். அவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருக்கிறான். தொழிற்சாலையில் பாய்லர் பிரிவு. உலகத்தில் சூடு எங்கே இருந்தாலும் அது தன் குடும்பச் சொத்து என்று நினைப்பவன். காப்பி ஆறுவதைப் பற்றிக்கூட அவனுக்கு ஒரு கருத்து உண்டு.

கடைக்காரர் இரண்டு கூலர்களை எடுத்து வைத்தார். ஒன்றில் மூன்று சின்னக் காற்றாடிகள். சுவிட்சைப் போட்டால் வைகுண்ட ஏகாதசி விளக்கலங்காரம் மாதிரி கலர் கலராக எரிந்தது. இன்னொன்று சாம்பல் நிறத்தில் முரட்டுச் சாமான். தகடு தகடாக அலுமினியம், நடுவே வளைந்து ஓடும் செம்புக் குழாய்கள், மேலே இரண்டு பெரிய காற்றாடிகள்.

என் கை விளக்கு எரிவதன் பக்கம் போனது. நண்பன் அதைத் தட்டிவிட்டான்.

"உனக்கு வேண்டியது சத்தம் இல்லாததா, திருவிழாவா? சின்னக் காத்தாடி வேகமா சுத்தினாதான் சூடு போகும், அப்ப கத்தும். பெரிசு மெதுவா சுத்தினாலே போதும். எங்க பாய்லர்ல..."

"பாய்லர்ல லைட் எரியாதாடா?"

"எரிஞ்சா சைரன் அடிப்பாங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டு, "எல்லாரும் லைட்டத்தான் சார் கேப்பாங்க. சத்தம் போடாம இருக்கணும்னு கேட்டு வந்த முத ஆள் நீங்கதான். யாரு, நீங்களே ரொம்ப அமைதியானவங்களோ?" என்றார். நண்பன் கடையை விட்டு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான்.

முரட்டுச் சாமான் கார்டில் பொருந்துமா என்று பார்க்க வேண்டும். சிப்பைச் சுற்றியிருக்கும் நான்கு திருகாணித் துளைகளின் இடைவெளி சரியாக இருந்தது; வீட்டிலேயே மனைவியின் தையல் டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொண்டு வந்திருந்தேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இடம் போதுமா என்பதற்கு ஒரு விஞ்ஞான முறை வைத்திருந்தேன். கூலரின் நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பட்டுச்சேலை வந்த அட்டைப் பெட்டியை வெட்டி அதே அளவில் மாதிரி ஒன்று ஒட்டினேன். உள்ளே வைத்தேன். கச்சிதம். கதவு அழகாக மூடியது. மனைவி அந்த மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. அந்தச் சேலைய இனிமே எதுல வைக்கறது?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் போய்க் கூலரை வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை நண்பன் லீவு போட்டுவிட்டு, காவேரிப் பாலத்து நெரிசலைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். சாப்பாட்டு மேஜை பால்கனியிலிருந்து ஹாலுக்குத் திரும்பியது. கார்டை அதன் மேல் கிடத்தி, பழைய கூலரைக் கழற்றினோம். அடியில் தேங்காயெண்ணெயும் தூசியும் சந்தனப் பொடியும் கலந்து ஒரு லேகியம் இருந்தது. நண்பன் முகர்ந்து பார்த்துவிட்டு, "இத டப்பால போட்டு வித்தா முட்டி வலிக்கு வாங்குவாங்கடா" என்றான்.

மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஸ்பிரிட்டால் சிப்பைத் துடைத்தோம். அடுத்தது பசை. சிப்பின் சூட்டைக் கூலருக்குக் கடத்துவதற்காக நடுவில் வைக்கும் சாம்பல் பசை, சின்ன ஊசிக்குழாயில் வரும். நான் அதை எடுத்தேன். நண்பன் பிடுங்கிக்கொண்டான்.

"இது சந்தனம் வைக்கிற கை. இதுகிட்ட குடுக்க மாட்டேன்."

பட்டாணி அளவுக்கு வைத்து, கூலரை அழுத்தி, நான்கு திருகாணிகளையும் கோணல் மாணலாக இல்லாமல் குறுக்குக் குறுக்காக முடுக்கினான். பெட்டிக்குள் மாட்டினோம். கனம் தாங்காமல் கார்டின் ஒரு முனை தொங்கியது. அதற்கு முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும். எவர்சில்வர் டம்ளர் வைக்கலாம் என்றேன். மின்சாரம் ஓடுகிற இடத்தில் இரும்புச் சாமானா என்று நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். மனைவி பரணிலிருந்த கொலுப் பெட்டியை இறக்கி, மரப்பாச்சி ஜோடியைக் கொண்டுவந்து நீட்டினாள். செட்டியாரும் இல்லை, ராஜாவும் இல்லை. வேட்டி கட்டிய ஒரு மரப் புருஷன், ஒரு மரப் பெண்டாட்டி. புருஷனின் தலை கார்டுக்கு அடியில் அளவெடுத்தது போல நின்றது.

"அந்தம்மாவையும் பக்கத்துல நிறுத்துங்க. ஜோடியப் பிரிக்கக் கூடாது" என்றாள்.

"அவங்களுக்கு அங்க என்ன வேலை?"

"இவரு ஒழுங்கா தூக்கறாரான்னு பாக்க ஆள் வேண்டாமா?"

சுவிட்சைத் தட்டினேன். காற்றாடிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடி தட்டினேன். கறுப்பு. தெரு அடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான். அதற்குள் அவள் வாசிக்க உட்கார வேண்டும். கார்டு போய்விட்டால் என் பில்டரின் மாடித் தோட்டமும் போச்சு. மனைவி மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"நிஜமாவே சத்தமே இல்ல. ஜெயிச்சுட்டீங்க. இப்படியே விட்டுடுங்க, நான் போய் வாசிக்கறேன்."

நண்பன் டார்ச்சை அடித்துப் பார்த்தான். கார்டுக்கு மின்சாரம் கொண்டுவரும் தடித்த வயர் பெட்டிக்கு வெளியே, மேஜை மேல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அதைச் செருகுவது என் பொறுப்பு. "பாய்லர்ல இதெல்லாம்..." என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நட்பு என்பது அதுதான்.

வயரைச் செருகியதும் திரை வந்தது. பில்டரின் படத்தை ஓடவிட்டு, காதைப் பெட்டியின் மேல் வைத்தேன். முன்பு இந்த வேலைக்குக் கொதித்துக் கத்திய கார்டு இப்போது பாதிச் சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம்? பக்கத்து வீட்டில் யாரோ கறிவேப்பிலை உருவுவது கேட்டது. சத்தியமாக. அந்தச் சந்தோஷத்தில் பக்கக் கதவை எடுத்து மூடினேன். மூடவில்லை. ஒரு விரல்கடை இடைவெளி. செம்புக் குழாய்கள் தகட்டுக்கு வெளியே வளைந்து துருத்திக்கொண்டிருந்தன. சேலைப் பெட்டி அட்டைக்கு ஏது குழாய்?

"நாளைக்குக் கட்டர் எடுத்துட்டு வந்து தகரத்த வெட்டிடலாம்" என்றான் நண்பன்.

"திறந்து கெடந்தா ராத்திரி பல்லி குடிவந்துடும்டா."

"வந்தா வாடகை வாங்கு."

மனைவி ஜன்னலுக்கு அடித்தது போக மீந்திருந்த கொசுவலைத் துண்டை எடுத்து வந்தாள். அதன் ஓரத்து ஒட்டும் பட்டையைப் பெட்டியின் விளிம்பில் அழுத்தினாள். வலை விறைப்பாக நின்றது. உள்ளே மரப்பாச்சி தம்பதி வலைக்குப் பின்னால் கொசுக்கடி இல்லாமல் நின்றார்கள். காற்றோட்டமும் முன்பைவிட நன்றாக ஆகிவிட்டது என்று நண்பன் கண்டுபிடித்து, அது தன் யோசனை போலவே விளக்க ஆரம்பித்தான். அவள் மணியைப் பார்த்தாள். தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நானும் நண்பனும் ஹாலில் சோபாவின் நுனியில் உட்கார்ந்தோம். தெரு அடங்கியிருந்தது. கம்ப்யூட்டர் ஓடுவது திரையில்தான் தெரிந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் மெல்ல எழுந்தது. வார்த்தை புரியவில்லை, நடை மட்டும் கேட்டது. வேகமாகப் போய், தயங்கி, யாரையோ கேலி செய்து, திடீரென்று தணிந்தது. வீட்டில் அவள் என்னிடம் பேசுகிற குரலே இல்லை அது. இத்தனை நாள் இதன் மேல்தான் நான் மாவு அரைத்துக்கொண்டிருந்தேன்.

நண்பன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். நானும் காட்டினேன். இருவரும் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என்னால் தாங்கவில்லை. ஒரு வாரம் அலைந்து, அட்டை வெட்டி, ஸ்பிரிட்டில் கை நனைத்தவனுக்கு ஒரு வார்த்தை கேட்க ஆசை இருக்காதா? நண்பன் சட்டையைப் பிடித்து இழுத்தான். நான் நுனிக்காலில் நடந்துபோய், கதவைச் சத்தமில்லாமல், மிகுந்த ஜாக்கிரதையோடு திறந்து, தலையை மட்டும் உள்ளே நீட்டினேன்.

போர்வைக்குள் மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தாள்.

"எப்படி, சத்தமே இல்லேல்ல?" என்றேன்.

"கதவச் சாத்துங்க."