ஒட்டுவாரொட்டி

கேட்டால் சிரிப்பீர்கள். எட்டு வயதில் எங்கள் வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, இல்லாத அம்மையை ஊருக்கு வரவழைத்தவள் நான்.

அது அம்மை குத்துகிறவர்கள் ஊர் ஊராக அலைந்த வருஷம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்துக்கும் வந்தார்கள். கொப்புளம் போட்ட குழந்தையின் படத்தைப் பள்ளிக்கூடத்தில் காட்டி, இது ஒட்டுவாரொட்டி, ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தாவும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வார்த்தை எனக்கு நெல்லிக்காய் மாதிரி. வாயில் போட்டு உருட்டிக்கொண்டே திரிந்தேன்.

அந்த நாளில்தான் அம்மாவின் தங்கை, என் சித்தி, நெம்மேலியிலிருந்து தகரப்பெட்டியோடு வந்து இறங்கினாள். கட்டிக்கொடுத்து இரண்டு வருஷம். மாதத்தில் சில நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறால்போலச் சுருண்டுவிடுவாள். அம்மா மணலை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பாள். சித்தியின் மாமியார் சொல்லி அனுப்பியது இதுதான்: "நோவ மறைச்சி எம்புள்ள தலையில கட்டிட்டீங்க. சரியானா வரட்டும், இல்லாங்காட்டி அங்கயே கெடக்கட்டும்." வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சித்தப்பா வலையைத் தவிர வேறெதையும் பிரிக்காத மனிதர். வாயைப் பிரிக்கவே மாட்டார். சித்தியோ பஸ் சத்தம் கேட்டால் போதும், கூடையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். அவர் அழைக்க வரவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்தது மீன் ஏலம் போடும் மணலில். சித்தி பக்கத்து வீட்டு அக்காவிடம் தன் வலியைச் சொன்னாள். அதுவரை நன்றாக இருந்த அக்கா குரலைத் தாழ்த்தி, "எனக்கும் அப்டித்தாம்மே கீது" என்றாள். மறுநாள் சித்தி கிணற்றடியில் உப்பு விற்கிறவளிடம் சொன்னாள். அவளுக்கும் வந்துவிட்டது. அடுத்து வளையல்காரம்மா. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவர்களுக்குக் கேட்ட மாத்திரத்தில் வந்தது. நான் விரல் விட்டு எண்ணினேன், மூன்று பேர். இது அம்மையைவிடப் பொல்லாத ஒட்டுவாரொட்டி, தொடக்கூட வேண்டாம், சொன்னாலே தாவுகிறது!

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? சித்தியின் வாயையும் மூட முடியவில்லை. அம்மை கண்ட வீட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். கொத்துக் கொத்தாக வேப்பிலை ஒடித்து வாசலில் செருகினேன்.

அம்மா கடற்கரையிலிருந்து திரும்புவதற்குள் ஊர் எங்கள் வாசலை விட்டு ஒதுங்கிச் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தது. சேதி பஸ்ஸைவிட வேகமாக நெம்மேலிக்குப் போயிருக்கிறது. பொழுது சாய்வதற்குள் அம்மை குத்தும் நர்சம்மா பையோடு வந்தார். அவர் பின்னாலேயே இடுப்பில் இளநீரை அணைத்துக்கொண்டு சித்தியின் மாமியார் ஓடி வந்தாள்.

"யம்மா, எம்மருமவளுக்கு அம்மையாமே! எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக்கூடாதா?"

நர்சம்மா சித்தியின் கையை, முதுகை, கழுத்தைப் பார்த்தார். ஒரு பருகூட இல்லை என்றதும் எட்ட நின்ற ஊர் வாசலுக்கே வந்துவிட்டது. யார் வேப்பிலை செருகினது என்று கேட்டதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்: சித்தியின் வயிற்றுவலி ஊரெல்லாம் பரவுகிறது, இவருக்கு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது என்று வாசலில் நின்றவர்களையே விரல் நீட்டிக் காட்டினேன்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நர்சம்மா சிரிக்கவில்லை. நான் காட்டிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். ஒவ்வொரு முகமும் தரையைப் பார்த்தது.

"எத்தினி நாளா இந்த வலி?" என்று சித்தியைக் கேட்டார்.

"வயசுக்கு வந்ததுலேந்து. சொன்னா, பொம்பளைன்னா வலிக்காதாடின்னுட்டாங்க."

"வலிக்கும். இப்டி சுருட்டிப் போடாது. செங்கல்பட்டுல லேடி டாக்டரு கீறாங்க, காட்டு." பிறகு மாமியாரிடம் திரும்பி, "நீங்களும் போங்கம்மா. ஒங்க காதால கேளுங்க" என்றார்.

போனோம். என்னை விட்டுவிட்டுப் போனால் இன்னும் என்ன செருகுவேனோ என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா சித்தியை நெடுநேரம் சோதித்துவிட்டு அம்மாவையும் மாமியாரையும் உள்ளே கூப்பிட்டார். அவர் சொன்னதை அம்மா பின்னாளில் எனக்குச் சொன்னாள். கர்ப்பப்பைக்குள் இருக்கவேண்டிய சவ்வு போன்றது வெளியேயும் வளர்ந்திருக்கலாம். மாதாமாதம் அதுவும் கசிகிறது, போக வழியில்லாமல் வலிக்கிறது. இது மறைத்த நோயும் இல்லை, சாபமும் இல்லை, இந்தப் பெண்ணைத் தேடி வந்த அதிசயமும் இல்லை. வெளியே பெஞ்சில் இருப்பவர்களை வாய் திறக்கச் சொன்னால் அங்கேயும் ஒருத்தி இதே கதையைச் சொல்லுவாள்.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற பெயரை நான் வளர்ந்த பிறகுதான் கேட்டேன். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் பத்தில் ஒருத்திக்கு இருக்கலாம் என்கிறார்கள். மாதவலி எல்லாமே அதுவல்ல. எங்கள் மணலில் யார் யாருக்கு அது இருந்ததோ யார் கண்டது? வலியையே சொல்லாதவர்களை யார் கணக்கில் சேர்ப்பது? சித்திக்கு மாத்திரையில் வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை, ஆனால் அடங்கியது. சுருண்டு கிடந்த நாட்களில் பாதி நாள் எழுந்து நடமாடினாள்.

அன்று செங்கல்பட்டிலிருந்து திரும்பும்போது மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டியும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். மாமல்லபுரத்தில் இறங்கினோம். நாங்கள் தெற்கே நடக்க வேண்டும், அவள் வடக்கே நெம்மேலி பஸ் பிடிக்க வேண்டும். சித்தி எங்கள் பக்கமாக நின்று, தலையைக் குனிந்தபடி, "வரேன் அத்தே" என்றாள்.

"எங்க வர? இந்தப் பக்கம் வா. பொட்டிய ஒம்புருசன் வந்து எடுத்துக்குவான்." மாமியார் சித்தியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

எனக்குப் பதறியது. என்ன இருந்தாலும் இளநீர் கொண்டு வந்த அம்மா அல்லவா? "தொடாதீங்க, ஒட்டிக்கும்!" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கையை விடவில்லை. சித்தியைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"எனக்கு ஒட்டி முப்பது வருசமாவுது போடி குட்டி."

சித்தி நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சித்திக்கு அப்போது வயதே இருபத்திரண்டுதான். பிறப்பதற்கு முன்னாலேயே போய் அந்தம்மாவுக்கு எப்படி ஒட்டவைத்தாள் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துப் பார்த்தேன், எனக்கு விளங்கவே இல்லை.